கதவு, சன்னல் சட்டங்களின் மூலைப் பொருத்துகள்
– ஏலப்பாறை மலைப்பகுதியை முன்வைத்து –

ஒரு வீட்டின் உறுதியைப் பற்றிப் பேசும்பொழுது கடைக்கால், சுவர், கூரை ஆகிய மூன்றையுமே நாம் பெரிதும் எண்ணுகிறோம். வீட்டு வசதித் திட்டங்களின் மதிப்பீட்டுப் படிவங்களிலும் இவற்றுக்கே பல பக்கங்கள் ஒதுக்கப்படுகின்றன. கதவும் சன்னலும் 'மர வேலை' என்னும் ஒரே தலைப்பின்கீழ் அடங்கிவிடுகின்றன. ஆனால் குடியேறிய மூன்றாம் ஆண்டில் அவ்வீட்டுப் பெண்மணியிடம் குறை என்னவென்று கேட்டால், கடைக்காலைப் பற்றி அவர் எதுவும் கூறமாட்டார். "கதவு தரையில் இடிக்கிறது, தாழ்ப்பாள் விழுவதில்லை" என்பார். இக்குறையின் வேர் பெரும்பாலும் கதவுச் சட்டத்தின் நான்கு மூலைகளில் உள்ளது.

கேரள மாநிலம் இடுக்கி மாவட்டத்தில், பீர்மேடு வட்டத்தில் அமைந்துள்ள ஏலப்பாறை இதனை ஆராய்வதற்கு மிகவும் ஏற்ற இடம். குட்டிக்கானத்திலிருந்து கட்டப்பனைக்குச் செல்லும் சாலையில் தேயிலைத் தோட்டங்களின் நடுவே உள்ள இவ்வூர், வாகமண் சாலை பிரியும் இடமுமாகும். தமிழ்நாட்டிலிருந்து தலைமுறைகளுக்கு முன் வந்த தொழிலாளர் குடும்பங்கள் பல இங்கு லயம் எனப்படும் வரிசை வீடுகளில் வாழ்ந்து வருகின்றன. பீர்மேட்டு மலைகள் மாநிலத்தின் மிகுமழைப் பகுதிகளுள் ஒன்று. சூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. அதன்பின் ஐப்பசி, கார்த்திகையில் இடியுடன் கூடிய மழை. மழையில்லாத நாளிலும் மூடுபனி. தை, மாசி மாதங்களில் மட்டும் காற்று உலர்கிறது. ஆண்டுதோறும் இவ்வாறு நனைந்தும் உலர்ந்தும் வரும் மரத்திற்கு ஓய்வில்லை. சமவெளியில் பத்து ஆண்டுகளில் தெரியவரும் பொருத்துக் குறை இங்கு இரண்டொரு மழைக்காலத்திலேயே வெளிப்பட்டுவிடும்.

நாற்கோணம் ஏன் சாய்கிறது?

நான்கு குச்சிகளை முனைக்கு ஓர் ஆணியாக அடித்து ஒரு நாற்கோணம் செய்து பாருங்கள். எந்தக் குச்சியும் வளையாமல், எந்தக் குச்சியின் நீளமும் மாறாமல், அது ஒருபுறமாகச் சாய்ந்து சாய்சதுரமாகிவிடும். மூன்று குச்சிகளால் ஆன முக்கோணம் அவ்வாறு சாயாது. பக்கத்தின் நீளம் மாறினாலன்றி அதன் கோணம் மாற வழியில்லை. கதவு, சன்னல் ஆகியவற்றின் சட்டம் நாற்கோணமாதலால், அதன் வடிவத்தைக் காக்கும் பொறுப்பு முழுவதும் மூலைகளின் விறைப்பைச் சார்ந்தது. சட்டத்துக்கு எவ்வளவு தடித்த தேக்கை வாங்கினாலும் இந்த உண்மை மாறுவதில்லை.

அந்தப் பொறுப்பு எவ்வளவு என்பதையும் கணக்கிட்டுப் பார்க்கலாம். 90 செ.மீ. அகலமும் 20 கிலோ எடையும் உள்ள ஒரு கதவின் எடை, கீலிலிருந்து 45 செ.மீ. தொலைவில், அதாவது கதவின் நடுவில் செயற்படுகிறது எனக் கொள்வோம். மேல் கீலுக்கும் கீழ்க் கீலுக்கும் இடையே 160 செ.மீ. இருப்பின், மேல் கீலை வெளியே இழுக்கும் விசை 20×45÷160, ஏறத்தாழ 5.6 கிலோ எடைக்குச் சமம். இது பெரிதன்று. ஆனால் 25 கிலோ எடையுள்ள சிறுவன் ஒருவன் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு கதவில் ஊஞ்சலாடினால் மேலும் 14 கிலோ சேர்கிறது. எந்த வீட்டில்தான் சிறுவர்கள் கதவில் ஊஞ்சலாடுவதில்லை? மலைக்காற்று அறைந்து சாத்தும்போது நேரும் அதிர்ச்சியோ இக்கணக்கில் அடங்காது. கீல்கள் இவ்விசைகளைத் தாங்கிவிடும். கதவின் முன்விளிம்பு கீழே இறங்காமல் தடுப்பதோ மூலைப் பொருத்துகளின் வேலை.

முன்விளிம்பு இறங்கியிருப்பதைக் கண்டறிய எளிய வழி, மூலைவிட்டங்கள் இரண்டையும் அளப்பதாகும். 90 செ.மீ. அகலமும் 200 செ.மீ. உயரமும் உள்ள கதவு செங்கோணமாக இருப்பின் இரு மூலைவிட்டங்களும் 219.3 செ.மீ. இருக்கும். முன்விளிம்பு ஒரு செ.மீ. இறங்கியிருப்பின் ஒன்று 220.2 ஆகவும் மற்றொன்று 218.4 ஆகவும் மாறிவிடும். ஒரு செ.மீ. குறை ஏறத்தாழ 1.8 செ.மீ. வேறுபாடாகப் பெருகித் தெரிவதால், ஒரு நூற்கயிறு இருந்தாலே போதும், அளவுகோலும் தேவையில்லை.

மரத்தின் இயல்பு

மூலை தளர்வதற்கு எடை ஒரு காரணம். மரத்தின் ஈரம் மற்றொரு காரணம். ஏலப்பாறை போன்ற இடங்களில் இரண்டாவதே முதன்மையானது என்பது என் கருத்து. மரம் நீளவாக்கில் ஏறக்குறைய மாறுவதே இல்லை. குறுக்குவாக்கிலோ ஈரத்தை ஏற்று விரிகிறது, இழந்து சுருங்குகிறது. அதிலும் ஆண்டு வளையங்களை ஒட்டிய திசையில் ஏற்படும் சுருக்கம், மையத்திலிருந்து வெளிநோக்கிய திசையில் ஏற்படுவதைப்போல் ஏறத்தாழ இருமடங்கு. கதவின் மூலையில் நிற்கும் சட்டமும் கிடக்கும் சட்டமும் ஒன்றுக்கொன்று குறுக்காகச் சேர்கின்றன. ஒன்று விரியும் திசையில் மற்றொன்று விரிவதில்லை. ஆகவே ஒவ்வொரு பருவ மாற்றத்திலும் அப்பொருத்தில் ஒரு சிறு இழுபறி நிகழ்கிறது. பச்சை மரத்தில் செய்த பொருத்து அவ்விழுபறியில் முதல் கோடையிலேயே வாய் திறந்துவிடும்.

இதற்காகவே இந்திய தர நிர்ணய அமைவனம் நாட்டைத் தட்பவெப்ப அடிப்படையில் நான்கு மண்டலங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் மரம் எவ்வளவு ஈரம் கொண்டிருக்கலாம் என்பதை ஐ.எஸ். 287 என்னும் தரவரையில் வகுத்துள்ளது. கம்பம் பள்ளத்தாக்கின் வறண்ட காற்றில் இழைத்து முடித்த கதவு, குமுளி வழியாக மலையேறி வந்து ஏலப்பாறையில் மாட்டப்பட்டால் அது விரியும். மலையில் மழைக்காலத்தில் செய்த கதவு கோடையில் சுருங்கும். செய்த இடத்தை மாற்ற இயலாதெனில், பொருத்தும் முன் சில வாரங்களாவது அவ்வூர்க் காற்றில், கூரையின்கீழ், இடைக்கட்டை வைத்து அடுக்கி வைத்தல் வேண்டும்.

எந்த மரம் என்பதும் கவனிக்கத்தக்கது. கேரளத்தில் தேக்குக்கு அடுத்தபடியாக ஆஞ்சிலியும் பலாவும் நிலைகளுக்கு நம்பிக்கையுடன் பயன்படுத்தப்பட்டு வந்துள்ளன. தேயிலைத் தோட்டத்தில் நிழலுக்காக வளரும் சில்வர் ஓக்கும், விறகுக்காக நட்ட யூக்கலிப்டஸும் அருகிலேயே மலிவாகக் கிடைக்கின்றன. அவற்றைப் பயன்படுத்தக் கூடாது என்பதில்லை. ஆனால் யூக்கலிப்டஸ் உலரும்பொழுது முறுக்கிக்கொள்ளும் தன்மையது. முறுக்கிய சட்டத்தை எந்தப் பொருத்தும் நேராக்காது. ரப்பர் மரமோ பூச்சிக்கும் பூஞ்சைக்கும் எளிதில் இரையாவதால், போரான் உப்புகளால் பதப்படுத்திய பின்னரே தச்சனிடம் வரவேண்டும். போரான் நீரில் கரைந்து வெளியேறிவிடுமாதலால் அம்மரம் மழை படாத உட்கதவுகளுக்கே ஏற்றது.

பொளியும் கழுந்தும்

ஒரு சட்டத்தின் முனையை இருபுறமும் செதுக்கி நாக்குப்போல் நீட்டிக்கொள்வதைக் கழுந்து என்றும், அது நுழைவதற்காக மற்றச் சட்டத்தில் உளியால் வெட்டும் குழியைப் பொளி என்றும் கூறுவர். பொறியியல் நூல்களில் இது மார்ட்டிஸ்-டெனான் எனப்படும். இருபுறமும் செதுக்கியதால் உண்டாகும் படியைத் தோள் என்கிறோம். எடையின் அழுத்தத்தில் ஒரு பகுதியைத் தோளே தாங்குவதால், தோள் மற்றச் சட்டத்தோடு முழுவதும் படிந்திருத்தல் இன்றியமையாதது.

கழுந்தின் தடிப்பு, சட்டத்தின் தடிப்பில் மூன்றில் ஒரு பங்கு என்பது நெடுங்கால வழக்கு. 75 மி.மீ. தடிப்புள்ள நிலைக்கு 25 மி.மீ. கழுந்து. இதனினும் மெலிந்தால் கழுந்து முறியும். தடித்தால் பொளியின் பக்கச் சுவர் பிளக்கும். அகலத்தைப் பொறுத்தவரை நுட்பம் வேறு. வளைவை எதிர்க்கும் வலிமை ஆழத்தின் இருமடிக்கு ஏற்ப உயரும். பத்து செ.மீ. அகலச் சட்டத்தின் பொருத்தைவிட இருபது செ.மீ. அகலச் சட்டத்தின் பொருத்து நான்கு மடங்கு எதிர்ப்புத் தரவல்லது. பலகைக் கண்ணறைகள் கொண்ட கதவுகளில் அடிச்சட்டம் மற்றவற்றைவிட அகலமாக இருப்பதன் காரணம் அழகு மட்டுமன்று. ஆனால் இருபது செ.மீ. அகலமும் ஒரே கழுந்தாக இருப்பின் அது சுருங்கும்போது பொளியில் ஆட்டம் கண்டுவிடும். எனவே அதனை நடுவில் இடைவெளி விட்டு இரு கழுந்துகளாகப் பிரிப்பர்.

கதவின் மேல் மூலையில் கழுந்தை முழு அகலத்துக்கும் நீட்டினால், பொளியானது நிற்கும் சட்டத்தின் உச்சியில் வாய் திறந்து கிடக்கும். கழுந்து மேற்பக்கமாக நழுவிவிடும். ஆகவே மேற்புறம் சிறிது குறைத்து, அவ்விடத்தில் ஒரு குட்டைப் படியை மட்டும் விட்டுவைப்பது முறை. அக்குட்டைப் படி சட்டம் முறுக்கிக்கொள்ளாமல் காக்கிறது. வேலை முடியும்வரை நிற்கும் சட்டத்தின் முனையை இரண்டு மூன்று செ.மீ. கூடுதலாக விட்டு வைக்கவேண்டும்; ஆப்பு அடிக்கும்போது முனை பிளவாதிருக்க இது உதவும். பின்னர் அதனை அறுத்துவிடலாம்.

மத்தியப் பொதுப்பணித் துறையின் வேலைக் குறிப்புகள் இப்பொருத்தைப் பற்றித் தெளிவாகவே கூறுகின்றன. பொளியும் கழுந்தும் ஆப்போ நிரப்புப் பொருளோ இன்றி முழுமையாகவும் துல்லியமாகவும் பொருந்த வேண்டும். பசையிட்டுச் சேர்த்து, அழுத்தியில் வைத்து இறுக்கிய பிறகு, 10 மி.மீ. விட்டத்துக்குக் குறையாத கெட்டி மர முளையோ மூங்கில் முளையோ அடிக்க வேண்டும். தச்சர்கள் சிலர் ஆப்பினால் பொருத்தை இறுக்குவது வேறு, ஒழுங்கற்ற பொளியின் இடைவெளியை ஆப்பினால் மறைப்பது வேறு. அதிகாரிகள் தடுக்க வேண்டியது இரண்டாவதையே. மரத்தூளும் பசையும் கலந்து அடைத்த பொருத்து பார்வைக்கு மிக ஒழுங்காகத் தோன்றும் என்பதுதான் தொல்லை.

அழுத்தி இல்லாத சிறு பட்டறைகளுக்குப் பழைய உத்தி ஒன்று உண்டு. கழுந்தில் முளைக்காகத் துளையிடும்போது, அத்துளையைத் தோளின் பக்கமாக ஒன்றரை மி.மீ. தள்ளி இடுவர். முளை உள்ளே இறங்கும்போது கழுந்தை இழுத்துத் தோளை இறுகப் படியச் செய்கிறது. பசை தோற்றாலும் இம்முளை விடாது.

பசையைப் பற்றி ஒரு சொல். வெள்ளைப் பசை என்று கடைகளில் விற்கும் சாதாரண வகை நீர் பட்டால் இளகும். யூரியா பிசினும் தொடர்ந்த ஈரத்தில் நெடுநாள் நிற்பதில்லை. வெளிக்கதவுக்கும் சன்னலுக்கும் நீரைத் தாங்கும் வகைப் பசையே கேட்டு வாங்கவேண்டும். ஈர மரத்தில் எந்தப் பசையும் பற்றாது என்பதைத் தனியே கூறவேண்டியதில்லை.

மூலையைப் பிளக்கும் மற்றொரு பிழை, கண்ணறைப் பலகைக்கும் பசையிட்டு விடுவதாகும். பலகை தன் காடியில் தளர்வாக நிற்கவேண்டும். நாற்பது செ.மீ. அகலப் பலகை மழைக்காலத்தில் சில மி.மீ. விரியும். விரிவதற்கு இடமில்லையெனில், அது இருபுறச் சட்டங்களையும் நெம்பித் தள்ளி நான்கு மூலைகளையும் ஒருசேரத் திறந்துவிடும். அடுத்த கோடையில் பலகை சுருங்கினாலும் மூலைகள் மீண்டும் மூடுவதில்லை.

நிலையின் பாதம்

கதவைவிட நிலைக்கு ஒரு வசதி உண்டு. அதனைச் சுவர் பிடித்துக்கொண்டிருக்கிறது. அதற்கான பற்றிரும்புகள் பக்கத்துக்கு மூன்றாவது, அதாவது மேலிருந்தும் கீழிருந்தும் 30 செ.மீ. தொலைவில் ஒவ்வொன்றும் நடுவில் ஒன்றுமாக, இருத்தல் வேண்டும். ஒரு மீட்டருக்கும் குறைந்த உயரமுள்ள சன்னலுக்கு இரண்டு போதும். கீழ்ப்படி இல்லாத நிலையோ மூன்று பக்கச் சட்டமே. ஏற்றி இறக்கும்போதே அதன் கால்கள் விரிந்து மேல் மூலைகள் தளர்ந்துவிடும். சுவரில் நிறுத்தி, சாந்து இறுகும்வரை கால்களுக்கிடையே ஒரு தற்காலிகக் குறுக்குச் சட்டத்தை அடித்து வைப்பது சிறு செலவு. பட்டறையிலிருந்து வரும் வண்டியில் அச்சட்டம் இருக்கும். கொத்தனார் முதலில் கழற்றுவதும் அதைத்தான்.

ஏலப்பாறையில் நிலைகள் கெடுவது பெரும்பாலும் பாதத்திலிருந்து தொடங்குகிறது. மரத்தின் வெட்டுமுனை, நீரைத் திரிபோல் உறிஞ்சும். லயங்களின் தாழ்வான திண்ணையில் கூரைநீர் தெறிக்கும் இடத்தில் நிலைக்கால் நின்றால், அடியிலிருந்து இற்று, நிலை ஒருபக்கம் அமிழ்ந்து, மேல்மூலை திறக்கும். மேல்மூலையில் தகடு அடிப்பதால் இது தீராது. வெட்டுமுனைகளை மரக்காப்பு மருந்தில் ஊறவைத்தல், சுவரைத் தொடும் முகங்களுக்குத் தார் பூசுதல், இயன்றால் நிலைக்காலைக் கருங்கல் அல்லது கான்கிரீட் பாதத்தின்மேல் நிறுத்துதல் ஆகியவையே பயன் தரும்.

பழையதைச் செப்பனிடுதல்

தொய்ந்த கதவைக் கண்டதும் அடிவிளிம்பை இழைத்துவிடுவதும், மூலையில் நீண்ட ஆணி ஒன்றை அறைவதும் வழக்கமாகிவிட்டன. இரண்டும் தவறு. இழைத்த கதவு அடுத்த ஆண்டு இன்னும் சற்று இறங்கும். இழைநீளவாக்கில் வெட்டுமுனைக்குள் அறைந்த ஆணிக்குப் பிடிப்பு மிகக் குறைவு. ஈரத்தில் அது துருப்பிடித்துச் சுற்றியுள்ள மரத்தையும் கெடுக்கும்.

கதவைக் கழற்றி, பொருத்துகளைப் பிரித்து, பழைய பசையைச் சுரண்டி, சில நாள் உலர விடவேண்டும். அடுப்புள்ள அறையின் ஓரம் மழைக்காலத்திலும் இதற்கு உதவும். பின் பசையிட்டுச் சேர்த்து, கதவைச் சுற்றிக் கயிற்றைக் கட்டி, இடையே ஒரு கோலைச் செருகி முறுக்கினால் அதுவே அழுத்தியாகிவிடும். மூலைவிட்டங்கள் இரண்டும் சமமாகும்வரை சரிசெய்து, முளையடிக்க வேண்டும். அதன்மேல் இருபுறமும் எல் வடிவத் துருவேறாத் தகட்டைத் திருகாணியால் முடுக்கலாம். பித்தளைத் திருகாணி மென்மையானது. அதே அளவுள்ள எஃகுத் திருகாணியை முதலில் முடுக்கிக் கழற்றிவிட்டு, அத்தடத்தில் பித்தளையைச் செலுத்தினால் தலை முறியாது.

லயங்களில் மிகுதியாகக் காணப்படும் நிற்பலகைக் கதவுகளுக்குச் சட்டமே இல்லை. குறுக்குக்கட்டைகளில் பலகைகளை அறைந்து, ஒரு சாய்கட்டையால் முக்கோணமாக்குவர். இங்கு திசை முக்கியம். மரச் சாய்கட்டை அழுத்தத்தைத் தாங்குவதில் வலியது; எனவே அது கீலுள்ள பக்கத்தின் கீழ்மூலையில் தொடங்கி, கைப்பிடிப் பக்கத்தின் மேல்மூலைக்கு ஏறவேண்டும். திசை மாற்றி அடித்தால் அது ஆணிகளின் பிடியில் தொங்கும் வெறும் சுமையாகிவிடும். கம்பியையோ தட்டையான இரும்புப் பட்டையையோ பயன்படுத்தினால் விதி தலைகீழாகும்: அவை இழுவிசையையே தாங்குமாதலால், கீல் பக்கத்தின் மேல்மூலையிலிருந்து எதிர்ப்பக்கத்தின் கீழ்மூலைக்கு இறங்கவேண்டும். மாணவர்கள் தங்கள் பள்ளிக் கதவுகளிலேயே இதனைச் சோதித்துப் பார்க்கலாம்.

கண்ணாடிச் சன்னலில் கண்ணாடியையே சாய்கட்டையாக்கலாம். கீல் பக்கக் கீழ்மூலையிலும் எதிர்ப்பக்க மேல்மூலையிலும் கண்ணாடிக்கும் சட்டத்துக்கும் இடையே சிறு முட்டுக்கட்டைகளைச் செருகினால், தொய்யும் விசை கண்ணாடித் தகட்டின் வழியே மூலைக்கு மூலை கடத்தப்படுகிறது. பிளாஸ்டிக் சன்னல்களைப் பொருத்துவோர் இம்முறையைத் தவறாமல் கையாள்கின்றனர்.

மரத்துக்கு மாற்று

காடுகளைக் காக்கும் நோக்கத்துடன் மத்தியப் பொதுப்பணித் துறை தன் கட்டுமானங்களில் மரத்தைப் பயன்படுத்துவதற்கு 1993இல் விதித்த தடை 2020இல் நீக்கப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் கான்கிரீட், எஃகு, பிளாஸ்டிக் நிலைகள் வேரூன்றிவிட்டன. அவற்றிலும் மூலையே சோதனைக் களம். கான்கிரீட் நிலையில் கம்பி மூலையில் முடிந்துவிடாமல் வளைந்து அடுத்த பக்கத்துள் சென்றிருக்க வேண்டும். இல்லையேல் இறக்கி வைக்கும்போதே மூலையில் விரிசல் காணும். எஃகில் பற்றவைப்பைத் தேய்த்த இடத்தில் துருத்தடுப்புப் பூச்சு இல்லையெனில், மலைப்பனியில் முதலில் துருவேறுவது அந்த மூலைதான்.

மூலையையே வேண்டாமென்று வைத்த கட்டடக் கலைஞர் ஒருவர் ஏலப்பாறைக்கு அண்மையிலேயே வாழ்ந்தார். லாரி பேக்கர் 1963இல் இமயமலைப் பகுதியிலிருந்து வாகமணுக்கு வந்து, சில ஆண்டுகளுக்குப் பின்னரே திருவனந்தபுரம் சென்றார். சுவரைவிடச் சன்னலுக்கு ஆகும் செலவு பன்மடங்கு என்பது அவருடைய ஓயாத வாதம். மேலும் கீழும் இரண்டு குழிகளில் குடுமியால் சுழலும் ஒற்றைப் பலகையே போதிய சன்னல் என்றும், பல கதவுகளை நிலையின்றிச் சுவரிலேயே கீல்வைத்து மாட்டலாம் என்றும் அவர் செய்து காட்டினார். நம் பழைய வீடுகளின் குடுமிக் கதவுக்கு இது உறவுமுறை. சிக்கனத்தில் இதற்கு நிகரில்லை. ஆயினும் சாய்ந்தடிக்கும் மழையும் உட்புகும் பனியும் மிகுந்த இடத்தில், சுழலும் பலகையின் இருபுற இடைவெளியை அடைப்பது எளிதன்று. வெளிச்சுவர்ச் சன்னல்களுக்கு நான் இதனைப் பரிந்துரைக்கத் தயங்குவேன், உள்ளறைகளுக்குத் தயங்கமாட்டேன்.

யார் பார்ப்பது?

1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம், தொழிலாளர்க்கு வீட்டு வசதி செய்து தரும் கடமையைத் தோட்ட உரிமையாளர்மீது சுமத்தியது. வீடு இடிந்து விழுந்து தொழிலாளியோ குடும்பத்தாரோ இறந்தாலோ காயமுற்றாலோ இழப்பீடு தரும் பொறுப்பு 1981இல் செய்த திருத்தத்தால் அதனுடன் சேர்க்கப்பட்டது. அச்சட்டம், 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த தொழில்சார் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்துள் அடங்கிவிட்டது. இடிந்து விழுதல் கண்ணுக்குத் தெரிகிறது, கணக்கில் வருகிறது. மூடாத கதவு எந்தக் கணக்கிலும் வருவதில்லை. 2000ஆம் ஆண்டையொட்டித் தேயிலை விலை சரிந்தபோது பீர்மேடு வட்டத்தில் பல தோட்டங்கள் மூடப்பட்டன. அத்தோட்டங்களின் லயங்களில் குடியிருந்தோர் கதவுகளைத் தாமே செப்பனிட்டுக்கொள்ள வேண்டியவராயினர். தாழிட முடியாத கதவுக்குப் பின்னால் வயதுவந்த பெண்ணை விட்டுவிட்டுக் காலையில் வேலைக்குச் செல்வது ஒரு தாய்க்கு எளிதன்று.

அரசு உதவியுடன் கட்டும் வீடுகளிலோ நிலைமை வேறு. அங்குப் பயனாளியே நிலையையும் கதவையும் பட்டறையிலிருந்து வாங்குகிறார். பின்னாளில் பழுதுபார்க்க அவருக்குத் தனி நிதி இல்லை. பரிசோதிக்கும் அலுவலர் வருவது பெரும்பாலும் வண்ணம் பூசிய பின்னர். நிலை, கதவு இவற்றை முதற்பூச்சுக்கு முன்பே காட்டி ஒப்புதல் பெறவேண்டும் என்பது பொதுப்பணித் துறையின் விதி. முதற்பூச்சு வரை கழுந்தின் முனையும் முளைகளும் கண்ணுக்குப் புலனாகும். தோளின் இடைவெளியில் ஒரு தாள் நுழைகிறதா என்றும் பார்க்கலாம். பூச்சு உலர்ந்தபின் எஞ்சுவது மூலைவிட்டச் சோதனை ஒன்றே. கதவை மாட்டிய அன்றும், முதல் மழைக்காலம் முடிந்த பின்னர் ஒருமுறையும் இரு மூலைவிட்டங்களை அளந்து அளவுப் புத்தகத்தில் குறித்துவைத்தால், பட்டறைக்குத் தரவேண்டிய கடைசித் தவணையை விடுவிப்பதா நிறுத்துவதா என்பதை அவ்விரு எண்களைக் கொண்டே முடிவு செய்யலாம்.